முயல் பண்ணைகளில் மருந்து எதிர்ப்புப் பாக்டீரியாக்கள்

முயல் பண்ணைகளில் மருந்து எதிர்ப்புப் பாக்டீரியாக்கள் என்பது, வளர்ப்பு முயல்களிடமும் அவற்றைக் கையாளும் மனிதர்களிடமும் காணப்படும், நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களைக் குறிக்கும். இவை முயலிடமிருந்து மனிதருக்கும் மனிதரிடமிருந்து முயலுக்கும் என இரு திசைகளிலும் பரவக்கூடியவை. எனவே கூண்டில் உள்ள முயலின் நலமும், அக்கூண்டைத் தூய்மை செய்பவரின் நலமும் பிரிக்க இயலாதவை ஆகும்.

இத்தகைய பாக்டீரியாக்களுள் பெரிதும் ஆராயப்பட்டது மெத்திசிலின் எதிர்ப்பு ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஆகும். இது சுருக்கமாக எம்.ஆர்.எஸ்.ஏ என அழைக்கப்படுகிறது. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் மருந்து எதிர்ப்பு வகைகளும் முக்கியமானவை. முயல் வளர்ப்பு பெருந்தொழிலாக உள்ள இத்தாலி, ஸ்பெயின், பிரான்சு ஆகிய நாடுகளிலேயே இது குறித்த ஆய்வுகள் மிகுதியாக நடந்துள்ளன. இந்தியாவில் முயல் வளர்ப்பு பெரும்பாலும் சிறு பண்ணைகளாகவும் வீட்டுத் தொழிலாகவும் நடைபெறுகிறது.

மருந்து எதிர்ப்பு தோன்றும் விதம்

நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பாக்டீரியாக்களைக் கொல்லும் அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்துகள் ஆகும். ஒரு பாக்டீரியாக் கூட்டத்தில் மிகச் சில மட்டும் மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கும் தன்மை பெற்றிருக்கலாம். மருந்து கொடுக்கப்படும்போது ஏனையவை அழிய, தாங்கும் சில மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. மருந்து குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுக்கப்பட்டால் இத்தேர்வு தொடர்ந்து நடைபெறுகிறது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 ஆம் ஆண்டு தமது நோபல் உரையிலேயே, போதாத அளவு மருந்து எதிர்ப்பை வளர்க்கும் என எச்சரித்திருந்தார்.

எதிர்ப்புத் தன்மையைத் தரும் மரபணுக்கள் பல நேரங்களில் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ வளையங்களில் அமைந்துள்ளன. இவ்வளையத்தின் படி ஒன்றை ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்கு அளிக்க இயலும். பெறுவது வேறு இனப் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. அந்நிலையில் ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலும் ஏனைய மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே பெருகும். ஆகவே விலங்குக்குக் கொடுக்கப்படும் மருந்து மனிதருக்குப் பயன்படாத வேறொன்றாக இருந்தால் தீங்கில்லை என்னும் வாதம் எப்போதும் பொருந்துவதில்லை.

முயலின் குடல் அமைப்பு

முயலின் செரிமானம் ஆடு, மாடு, கோழி ஆகியவற்றிலிருந்து வேறுபட்டது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் சீக்கம் எனப்படும் பெரிய பை உள்ளது. இப்பையில் வாழும் பாக்டீரியாக்களே நார்ச்சத்தை நொதிக்கச் செய்கின்றன. நொதித்த பொருள் மென்மையான உருண்டைகளாக வெளியேறுகிறது. முயல் அவற்றை நேரடியாக வாயால் எடுத்து மீண்டும் உண்கிறது. இதனால் குடல் பாக்டீரியாக்கள் ஒவ்வொரு நாளும் முயலின் உடலுக்குள் மறுசுழற்சி ஆகின்றன.

இவ்வமைப்பின் காரணமாக நுண்ணுயிர் எதிர்ப்பிகள் முயலுக்கு இருமுனைக் கத்தி போன்றவை. ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் முதலிய மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் சீக்கத்தில் உள்ள நன்மை தரும் பாக்டீரியாக்கள் அழிகின்றன. அவ்விடத்தில் குளோஸ்டிரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. முயல் கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு இறக்க நேரிடும். மனிதருக்கும் ஆடுகளுக்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் மாத்திரையை அளவு குறைத்து முயலுக்குக் கொடுப்பது தவறு என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். நோய் தீராததோடு, எஞ்சிப் பிழைக்கும் முயல் எதிர்ப்புப் பாக்டீரியாக்களைச் சுமப்பதாகவும் ஆகிவிடலாம்.

பண்ணை நோய்களும் மருந்துப் பயன்பாடும்

முயல் பண்ணைகளில் பரவலாகக் காணப்படும் நோய்கள் அனைத்தும் பாக்டீரியாவால் வருபவை அல்ல.

- மடிவீக்கம், கால் புண், தோலடிக் கட்டிகள்: இவற்றுக்குப் பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் காரணமாகிறது. கம்பிவலைத் தரை உரசிப் பாதத்தில் ஏற்படும் காயம் நோய்க்கிருமி நுழையும் வாயிலாகிறது.
- சளி நோய்: பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா முதன்மைக் காரணி. காற்றோட்டம் குறைந்து, சிறுநீரின் அம்மோனியா நெடி மிகுந்த கொட்டகைகளில் இது விரைவாகப் பரவும்.
- காக்சிடியா நோய்: ஐமீரியா என்னும் ஓரணு உயிரியால் வரும் கழிச்சல். இதற்குச் சல்ஃபா மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. சல்ஃபா மருந்துகள் பாக்டீரியாக்களையும் தாக்குவதால் அவற்றிலும் எதிர்ப்பு உருவாகிறது.
- சொறி நோய்: காதிலும் மூக்கிலும் பொருக்கு உண்டாக்கும் இந்நோய் உண்ணி வகையைச் சேர்ந்த நுண்பூச்சியால் வருகிறது. நுண்ணுயிர் எதிர்ப்பி இதற்குப் பயன்படாது.
- படர்தாமரை: பூஞ்சையால் வருவது. மனிதருக்கும் தொற்றும். இதற்கும் நுண்ணுயிர் எதிர்ப்பி பயன்படாது.

காரணம் அறியாமல் எல்லா நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும்போது, பயனற்ற இடத்தில் மருந்து வீணாவதோடு எதிர்ப்பும் வளர்கிறது.

1996-97 ஆம் ஆண்டுகளில் பிரான்சின் முயல் பண்ணைகளில் கடுமையான குடல் நோய் ஒன்று தோன்றி, பின்னர் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் பரவியது. தாய்ப்பால் மறந்த இளங்குட்டிகள் பெருமளவில் இறந்தன. இதனைக் கட்டுப்படுத்தப் பாசிட்ராசின், டியாமுலின் முதலிய மருந்துகள் தீவனத்தில் கலந்து கொடுக்கப்பட்டன. தீவனத்தில் மருந்து கலக்கப்படும்போது நோயுற்ற முயலுடன் நலமான முயல்களும் மருந்தை உண்கின்றன. நோயுற்ற முயல் தீவனத்தைக் குறைவாக உண்பதால், மருந்து தேவைப்படும் விலங்குக்கே அது குறைவாகச் செல்கிறது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மனிதருக்குப் பரவும் வழிகள்

முயலைக் கையாள்பவர் அதனை ஒவ்வொரு நாளும் தூக்குகிறார், தீவனம் வைக்கிறார், எருவை அள்ளுகிறார், குட்டி ஈனும் பெட்டியைத் தூய்மை செய்கிறார். பின்வரும் வழிகளில் தொற்று ஏற்படலாம்.

- முயலின் நகக் கீறல், கடி, கம்பி குத்திய காயம் ஆகியவற்றின் வழியாக.
- கையில் ஒட்டிய பாக்டீரியா மூக்கையோ வாயையோ அடைவதால்.
- உரோமமும் உலர்ந்த எருத் துகளும் கலந்த தூசியைச் சுவாசிப்பதால்.
- இறைச்சி வெட்டும்போது குடல் கிழிந்து இறைச்சியிலும் கத்தியிலும் கழிவு படுவதால்.
- மட்காத எரு தோட்டத்தையும் நீர்நிலையையும் அடைவதால்.

மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருப்பது அரிதன்று. நலமான மனிதருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் அது எந்தத் தீங்கும் செய்யாமல் வாழ்கிறது. மருந்து எதிர்ப்பு வகை குடியேறினாலும் பெரும்பாலானோர் நோயுறுவதில்லை. காயம், அறுவை சிகிச்சை, நீரிழிவு, மகப்பேறு போன்ற சூழல்களில் அது உடலுக்குள் நுழையும்போதே இடர் தொடங்குகிறது. அப்போது வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்து பயனளிக்காது. சரியான மருந்தைக் கண்டறிவதற்குள் தொற்று இரத்தத்தில் பரவக்கூடும். பண்ணைக்கே செல்லாத குடும்ப உறுப்பினரும் கையாள்பவர் வழியாக இதனைப் பெறலாம்.

முக்கிய ஆய்வுகள்

தீவன மருந்தும் பண்ணைக் குடும்பமும் (1976)

பண்ணை விலங்குக்குக் கொடுக்கும் மருந்து மனிதரின் குடல் பாக்டீரியாக்களை மாற்றும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி ஒருவர். அவரது குழு 300 கோழிக்குஞ்சுகளை ஒரு பண்ணையில் வளர்த்து, பாதிக் குஞ்சுகளுக்கு மட்டும் ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்தது. ஒரு வாரத்திற்குள் அக்குஞ்சுகளின் குடல் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய முழுவதும் டெட்ராசைக்ளினைத் தாங்குபவையாக மாறின. 5 முதல் 6 மாதங்களுக்குள் பண்ணைக் குடும்பத்தினரிடமும் மாற்றம் காணப்பட்டது. அவர்களிடமிருந்து வாரந்தோறும் எடுக்கப்பட்ட மல மாதிரிகளுள் 31.3 விழுக்காட்டில், குடல் பாக்டீரியாக்களுள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை டெட்ராசைக்ளினைத் தாங்கின. அண்டை வீட்டாரின் மாதிரிகளில் இவ்வளவு 6.8 விழுக்காடு மட்டுமே. குடும்பத்தினர் அம்மருந்தை உட்கொள்ளவில்லை.

கால்நடை வகை எம்.ஆர்.எஸ்.ஏ (2005)

நெதர்லாந்தில் மருத்துவமனைத் தொடர்பு ஏதும் இல்லாத பன்றி வளர்ப்போரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ இருப்பது கண்டறியப்பட்டு, 2005 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அந்நாட்டின் பொதுமக்களுடன் ஒப்பிடுகையில் பன்றி வளர்ப்போரிடம் இது 760 மடங்குக்கும் மேல் மிகுந்திருந்தது. இவ்வகை எஸ்.டி 398 எனப் பெயரிடப்பட்டது. 2012 ஆம் ஆண்டு வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு, இது மனிதரிடம் மருந்துக்குக் கட்டுப்படும் பாக்டீரியாவாக இருந்து, கால்நடைகளுக்குத் தாவிய பின்னரே மெத்திசிலின், டெட்ராசைக்ளின் எதிர்ப்புகளைப் பெற்றது எனக் காட்டியது.

முயல் பண்ணைகள் (2014, 2018)

2014 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இத்தாலியின் இறைச்சி முயல் பண்ணைகளில் எஸ்.டி 398 உள்ளிட்ட கால்நடை வகை எம்.ஆர்.எஸ்.ஏ இருப்பதைக் கண்டறிந்தது. முயல்களிடம் மட்டுமன்றிப் பண்ணை மனிதர்களிடமும் அது காணப்பட்டது. 2018 ஆம் ஆண்டு ஸ்பெயின், போர்த்துக்கல் முயல் பண்ணைகள் குறித்து வெளியான ஆய்வில் மெக்-சி என்னும் எதிர்ப்பு மரபணுவைக் கொண்ட வகைகளும் கண்டறியப்பட்டன. இம்மரபணு 2011 ஆம் ஆண்டிலேயே அறிவியல் உலகிற்கு முதலில் தெரியவந்தது. ஐரோப்பிய முள்ளெலிகளின் தோலில் வாழும் பூஞ்சை பென்சிலின் போன்ற பொருளைச் சுரப்பதால், மெக்-சி எதிர்ப்பு 19 ஆம் நூற்றாண்டிலேயே, அதாவது மருந்துகள் தோன்றும் முன்னரே, உருவாகியிருந்தது என 2022 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எதிர்ப்பு இயற்கையிலேயே உள்ளது; மருந்தின் மிகைப் பயன்பாடு அதனைப் பெருக்குகிறது என்பதற்கு இது சான்றாகும்.

மனிதரிடமிருந்து முயலுக்கு (2015)

முயல்களில் கொள்ளைநோய் போலப் பரவிய எஸ்.டி 121 என்னும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை, மனிதரிடமிருந்து முயலுக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன் தாவியது என 2015 ஆம் ஆண்டு ஆய்வு கண்டறிந்தது. அதன் டி.என்.ஏ வரிசையில் ஒரேயொரு எழுத்து மாறியதே முயலைத் தாக்கும் திறனைத் தரப் போதுமானதாக இருந்தது. முயலையே நோயின் தோற்றுவாயாகக் கருதும் எண்ணம் முழுமையானதன்று என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. முயலிடம் செல்லும் முன் கை கழுவுவதும், வந்த பின் கழுவுவது போன்றே இன்றியமையாதது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட், நியூசிலாந்து வெள்ளை முதலிய முயல் இனங்கள் இறைச்சிக்காக வளர்க்கப்படுகின்றன. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் அமைந்துள்ள மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையமும், உதகமண்டலம் அருகே சாண்டிநல்லாவில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் முயல் ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளன.

மருந்து எதிர்ப்பு ஆய்வில் தமிழ்நாட்டிற்குத் தனி இடம் உண்டு. பெரும்பாலான மருந்துகளைப் பயனற்றதாக்கும் என்.டி.எம்-1 என்னும் நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் குறித்து 2010 ஆம் ஆண்டு வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி ஆவார். அவ்வாய்வில் சென்னையிலிருந்து மட்டும் இத்தகைய 44 பாக்டீரியா மாதிரிகள் இடம்பெற்றன. 2012 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் சென்னையில் கூடிய இந்திய மருத்துவ அமைப்புகள், நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தக் கோரும் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின.

ஓசூர் - கிருஷ்ணகிரிப் பகுதி

2004 ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம், தொழிற்சாலைகளும் கால்நடை வளர்ப்பும் அருகருகே உள்ள எல்லைப் பகுதி ஆகும். ஓசூரில் 1824 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு கால்நடைப் பண்ணை உள்ளது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இயங்குகிறது. கருநாடகத் தலைநகர் பெங்களூர் ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ தொலைவிலேயே உள்ளது. இதனால் தீவனம், மருந்து, விலங்கு, இறைச்சி ஆகியன மாநில எல்லையைக் கடப்பது எளிது. பாக்டீரியாக்களும் அவற்றுடன் சேர்ந்தே பயணிக்கின்றன.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 இல் அமைந்துள்ள குருபரப்பள்ளி, சிப்காட் தொழிற்பூங்கா அமைந்த ஊர். இத்தகைய ஊர்களில் ஒரே குடும்பத்தில் ஒருவர் தொழிற்சாலைக்குச் செல்ல, மற்றொருவர் வீட்டின் பின்புறம் விலங்குகளைப் பேணுவது இயல்பு. கூண்டில் தொடங்கும் தொற்று, நெருங்கி வாழும் தொழிலாளர் குடியிருப்புகளையும் எட்ட இயலும். அருகிலுள்ள போலுப்பள்ளியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது. ஆறாத புண்ணுடனோ கட்டியுடனோ மருத்துவமனைக்குச் செல்பவர், தாம் முயலோ பிற கால்நடையோ வளர்ப்பதை மருத்துவரிடம் கூறுவது நன்று. சீழ் மாதிரியை எடுத்து உரிய சோதனைக்கு அனுப்ப அச்சிறு தகவலே காரணமாகலாம்.

சட்டங்களும் விதிகளும்

- ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளின் எடையைக் கூட்டுவதற்காகத் தீவனத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பி கலப்பதை 2006 ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தடை செய்தது. நோய் வராமலிருக்க வழக்கமாக மருந்து கொடுப்பதை 2022 ஆம் ஆண்டு சனவரி 28 முதல் தடுத்தது.
- இந்தியாவில் 2012 ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கான மருந்துகளின் உறையில் விலக்குக் காலம் அச்சிடப்பட வேண்டும். கடைசியாக மருந்து கொடுத்த நாளுக்கும் இறைச்சிக்காக வெட்டும் நாளுக்கும் இடையே இருக்க வேண்டிய கால அளவே இது. மருந்துக்கெனத் தனிக் காலம் வரையறுக்கப்படாவிடின், பாலூட்டிகளின் இறைச்சிக்கு அது 28 நாட்களுக்குக் குறையக் கூடாது.
- மூன்றாம், நான்காம் தலைமுறைச் செபலோஸ்போரின்கள் உள்ளிட்ட மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்றும், விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றும் கூறும் எச்-1 அட்டவணை 2014 ஆம் ஆண்டு மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்தது.
- மனிதருக்கு இறுதி மருந்துகளுள் ஒன்றான கோலிஸ்டினை உணவு விலங்குகள், கோழிகள், நீர்வாழ் உயிரின வளர்ப்பு, தீவனக் கலவை ஆகியவற்றுக்காகத் தயாரிப்பதும் விற்பதும் 2019 ஆம் ஆண்டு சூலை மாதம் தடை செய்யப்பட்டது. கோலிஸ்டின் எதிர்ப்பை ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் எம்.சி.ஆர்-1 மரபணு சீனாவில் கண்டறியப்பட்டு 2015 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டிருந்தது.

28 நாட்கள் என்னும் விலக்குக் காலம் முயல் வளர்ப்பில் பெரும் பொருள் கொண்டது. இறைச்சி முயல் ஏறத்தாழ 12 வாரங்களில், அதாவது 84 நாட்களில் விற்பனைக்கு வருகிறது. அதன் வாழ்நாளில் 28 நாட்கள் என்பது மூன்றில் ஒரு பங்கு. 9 வாரம் நிறைந்த முயலுக்கு (63 ஆம் நாள்) மருந்து கொடுத்தால் 91 ஆம் நாள் வரை விற்க இயலாது. அந்த ஒரு வாரத் தீவனச் செலவைத் தவிர்க்க எண்ணும் சிறு வளர்ப்பாளர் விதியை மீற நேரிடுகிறது. எனவே நோய் வராமல் காப்பது உடல்நலத்திற்கு மட்டுமன்றி வரவு செலவிற்கும் ஏற்றதாகும்.

தடுப்பு முறைகள்

முயல் நோய்களுள் பல, கொட்டகை அமைப்பையும் தூய்மையையும் சார்ந்தவை. பின்வருவன மருந்தின் தேவையைக் குறைக்கும்.

- கூண்டில் மரப்பலகையோ தட்டையான நெகிழித் தட்டோ ஒரு பகுதியில் வைத்தால் பாதப் புண் குறையும்.
- எருவை நாள்தோறும் அகற்றிக் காற்றோட்டம் அளித்தால் அம்மோனியா நெடியும் சளி நோயும் குறையும்.
- தாய்ப்பால் மறக்கும் குட்டிகளுக்குத் தீவனத்தைப் படிப்படியாக மாற்றி, போதிய நார்ச்சத்துள்ள புல்லும் வைக்கோலும் கொடுக்க வேண்டும்.
- புதிதாக வாங்கிய முயலைச் சில வாரங்கள் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும்.
- நலமான முயல்களைக் கவனித்த பின்னரே நோயுற்றவற்றைத் தொட வேண்டும்.
- கையாளும் முன்னும் பின்னும் சோப்பினால் கை கழுவ வேண்டும். காயத்தை மூடிய பின்னரே வேலை செய்ய வேண்டும்.
- கொட்டகைக்கெனத் தனிக் காலணியும் மேலாடையும் வைத்துக்கொள்ள வேண்டும்.
- எருவை நன்கு மட்கச் செய்த பின்னரே தோட்டத்திற்கு இட வேண்டும். மட்கும்போது எழும் வெப்பம் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

மருந்து தேவைப்படின், மருந்து உணர்திறன் சோதனையின் அடிப்படையில் அதனைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. சீழ் அல்லது எச்ச மாதிரியிலிருந்து பாக்டீரியா தட்டில் வளர்க்கப்பட்டு, அதன் மீது மருந்தூட்டிய சிறு காகித வட்டுகள் வைக்கப்படுகின்றன. 18 முதல் 24 மணி நேரத்தில், பயனளிக்கும் மருந்தைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் தோன்றும். வளையம் இல்லாத மருந்தைக் கொடுப்பதால் பயனில்லை.

தவறான கருத்துகள்

- மருந்து எதிர்ப்பு என்பது மனித உடல் மருந்துக்குப் பழகிவிடுவது அன்று. எதிர்ப்பைப் பெறுவது பாக்டீரியாவே. ஆகவே வாழ்நாளில் நுண்ணுயிர் எதிர்ப்பியே உட்கொள்ளாத ஒருவருக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத தொற்று வரலாம்.
- நன்கு வேகவைத்த முயல் இறைச்சியில் இப்பாக்டீரியாக்கள் உயிருடன் இருப்பதில்லை. உண்பவரைவிட வளர்ப்பவருக்கும் வெட்டுபவருக்குமே இடர் மிகுதி.
- எதிர்ப்புப் பாக்டீரியா உள்ள முயல் நோயுற்றுக் காணப்பட வேண்டும் என்பதில்லை. நலமாகத் தோன்றும் முயலும் அதனைச் சுமக்கலாம்.

முக்கியத்துவம்

2019 ஆம் ஆண்டில் மருந்து எதிர்ப்புப் பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என 2022 ஆம் ஆண்டு வெளியான மதிப்பீடு கூறுகிறது. தொடர்புடைய இறப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை 49.5 இலட்சம் ஆகும். இவற்றுள் பண்ணை விலங்குகளிடமிருந்து வந்தவை ஒரு பகுதியே. மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் நிகழும் மிகைப் பயன்பாட்டின் பங்கு பெரியது. எனினும் பண்ணையில் மருந்தைக் குறைப்பது கூண்டு, தீவனம், தூய்மை ஆகிய எளிய வழிகளால் இயலக்கூடியது. மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றின் நலத்தையும் ஒன்றாகக் கருதும் ஒரே நலம் என்னும் கொள்கையை உலக சுகாதார அமைப்பு வலியுறுத்துகிறது. முயல் வளர்ப்பில் அக்கொள்கையின் முதற்படி, கூண்டைத் திறக்கும் கையின் தூய்மையே ஆகும்.